பெக் சேயர்ஸ்: மகன் எழுதிய அம்மா

எங்கள் டீமில் டப்ளின்காரர் ஒருவர் இருக்கிறார். என் வயசுதான். ஒரு நாள் கால் தொடங்கக் காத்திருந்தபோது, "பெக் சேயர்ஸ் படிச்சிட்டிருக்கேன்" என்று சும்மா சொல்லி வைத்தேன். மனுஷன் முகத்தைப் பார்க்கணுமே. சின்ன வயசில் மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் புகட்டியது திடீரென்று ஞாபகம் வந்தவர் மாதிரி ஒரு சுளிப்பு. அயர்லாந்தில் அவர் தலைமுறை முழுக்க இப்படித்தானாம். 'பெக்' என்ற அந்தப் புத்தகம் பல பத்தாண்டுகள், 1990களின் நடுப்பகுதி வரைக்கும், பள்ளி இறுதித் தேர்வுக்கு ஐரிஷ் மொழிப் பாடமாக இருந்தது. ஒரு கிழவியின் பெருமூச்சில் தொடங்கி, சாவும் வறுமையும் கடவுள் சித்தமுமாகப் போகிற புத்தகம். பதினாறு வயசுப் பையனுக்கு அதைக் கொடுத்தால் என்ன ஆகும்?

அவர் சுளிப்பு நியாயமானது என்றுதான் நானும் நினைக்கிறேன். 'பெக்' சுமாரான புத்தகம். ஆனால் பெக் சேயர்ஸ் மிகப் பெரிய கலைஞர். இது எப்படி ஒரே ஆளுக்கு நடந்தது என்பதுதான் எனக்குள் கொஞ்ச நாளாக ஓடிக்கொண்டிருக்கும் கேள்வி.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில் டிங்கிள் தீபகற்பம். அதன் நுனியில் டன்குவின் என்ற கிராமம். அதற்கு எதிரே, அட்லாண்டிக் கடலுக்குள் கிரேட் பிளாஸ்கெட் தீவு. அதிகபட்சமாக, 1916 வாக்கில், அங்கே 176 பேர் இருந்தார்கள். மருத்துவர் இல்லை, கடை இல்லை. மரச்சட்டத்தின் மேல் தார் பூசிய துணியை இழுத்துக் கட்டிய படகுதான் போக்குவரத்து. அடுப்புக்கு மலைமேல் வெட்டும் கரிமண். இவ்வளவு சின்ன ஊரிலிருந்து 1929, 1933, 1936 என்று ஏழு வருஷத்துக்குள் மூன்று தன்வரலாறுகள் வந்தன. முதலாவது தோமாஸ் ஓ கிரிஹன் எழுதிய 'தீவுக்காரன்', அடுத்தது மாரிஸ் ஓ சல்லிவன் எழுதிய 'வளர்ந்த இருபது ஆண்டுகள்', மூன்றாவது பெக்.

'எழுதிய' என்று முதல் இரண்டுக்குத்தான் போட்டேன், கவனித்திருப்பீர்கள். பெக் எழுதவில்லை. அவருக்கு ஐரிஷ் பேசத்தான் தெரியும், எழுதத் தெரியாது. அவர் காலத்துப் பள்ளிக்கூடம் ஆங்கிலத்தில் நடந்தது. அதனால் அவர் சொல்லச் சொல்ல மகன் மைக்கேல் எழுதினார். அமெரிக்கா போய்விட்டுத் திரும்பி வந்தவர், கவிதை எழுதுகிறவர். அந்தத் தாள்கள் டப்ளினில் இருந்த மாய்ர நீ கின்னேட என்ற பெண்மணிக்குப் போயின, அவர்தான் பதிப்பாசிரியர். (இதே அம்மையார்தான் பெண்களுக்கான கமோகி விளையாட்டுச் சங்கத்தின் முதல் தலைவர். அந்தக் காலத்து மொழி இயக்கக்காரர்கள் எதையும் விட்டு வைக்கவில்லை.)

விமர்சகர்கள் பெரும்பாலும் பதிப்பாசிரியரைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். புதிய நாடு, அதற்கு ஒரு பரிசுத்தமான கேலிக் தாய் தேவைப்பட்டாள், பெக்கை அந்த அச்சில் வார்த்துவிட்டார்கள் என்று. தப்பில்லை. ஆனால் அதற்கு முன்னாலேயே ஒரு வடிகட்டி இருக்கிறதே, அதை ஏன் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை? பேனாவைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தது பெற்ற பிள்ளை. ஒரு அம்மா தன் வாழ்க்கையை வளர்ந்த மகனிடம் எப்படிச் சொல்வாள்?

புத்தகத்தின் மிகச் சிறந்த இடத்தையே எடுத்துக்கொள்வோம். பெக் 1873இல் டன்குவினில் பிறந்தவர். டிங்கிளில் வீட்டு வேலைக்குப் போகிறார். தோழி ஒருத்தி அமெரிக்கா போய்க் கப்பல் கூலி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள். அவள் கையில் அடிபட்டுவிட, பணம் வரவில்லை. அந்தக் கனவு முடிந்தது. பிறகு ஒரு ராத்திரி மூன்று ஆண்கள் வீட்டுக்குள் வருகிறார்கள், பெண் கேட்டு. மூவரில் யார் மாப்பிள்ளை என்று பெக்குக்கே தெரியாது. அப்பா கேட்கிறார், இவர் உங்கள் இஷ்டம் என்கிறார். சில நாளில் கல்யாணம், படகு, தீவு.

என்ன மாதிரி காட்சி! நகைச்சுவை, பயம், ஒரு பெண்ணின் விதி, எல்லாம் ஒரு அறைக்குள் நிற்கிறது. ஆனால் சட்டென்று முடிந்துவிடுகிறது. அந்த மூவரைப் பார்த்தபோது அவள் மனசில் என்ன ஓடியது, யாராக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள், தீவில் முதல் ராத்திரி எப்படி இருந்தது? புத்தகம் வாயைத் திறக்காது. எப்படித் திறக்கும்? அந்த மூவரில் ஒருவர், எழுதிக்கொண்டிருக்கிறவனின் அப்பா. இந்த ஒன்றை மனசில் வைத்துக்கொண்டு மறுபடி படித்தால், புத்தகத்தில் எங்கெல்லாம் கடவுள் சித்தம் வருகிறதோ, அங்கெல்லாம் ஒரு அம்மா பேச்சை மாற்றுவது போல எனக்குக் கேட்கிறது. பெற்றது 11, தங்கியது 6. ஒரு மகன் மலைச்சரிவில் அடுப்புக்குச் செடி பிடுங்கப் போய்ப் பாறையிலிருந்து விழுந்து செத்தான். எழுதிக்கொண்டிருந்தவன் அவனுக்கு உடன்பிறந்தவன். அங்கே வேறு என்ன சொல்ல முடியும்?

இப்போது அதே பெக்கை வேறு ஒருவர் முன்னால் உட்கார வையுங்கள். 1935இல் ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையம் தொடங்கப்பட்டது. அதன் சேகரிப்பாளர் ஷோசவ் ஓ டாலி, டன்குவின் பள்ளி வாத்தியாரின் மகன், பெக் பேசும் அதே வட்டார வழக்கில் வளர்ந்தவர். அவர் பெக்கிடம் வாழ்க்கையைக் கேட்டு நிற்கவில்லை. கதை கேட்டார். 350க்கும் மேற்பட்ட கதைகளை அவர் எடுத்திருக்கிறார்: பேய்க்கதை, சாமிக்கதை, குசும்புக்கதை. ஃபியன் வீரர்களின் நீண்ட காதைகள் ஆண்கள் சொல்வது என்று ஒரு வழக்கம் இருந்தது. அவையும் பெக்கிடம் இருந்தன. பெரும்பாலும் கதைசொல்லியான அப்பாவிடம் கேட்டுக் கற்றவை.

இந்தக் காதைகள் எப்படி வேலை செய்கின்றன என்று பார்ப்பது என்னைப் போன்ற ப்ரோகிராமருக்குத் தனி சுகம். கப்பல் பாய் விரிக்கிற இடம், வீரன் ஆயுதம் பூணுகிற இடம், சண்டை உச்சத்துக்குப் போகிற இடம் வந்தால், கதைசொல்லி அடுக்குமொழியில் ஒரு பத்தியை மூச்சுவிடாமல் கொட்டுவார். பழைய சொற்கள், கேட்பவர்களுக்கே பாதி புரியாது. அதே பத்தி வேறு கதையிலும் வரும். ஒரு ஃபங்ஷனை எழுதி வைத்துக்கொண்டு வேண்டிய இடத்தில் கூப்பிடுவது மாதிரி. நாக்கு தானாக ஓடும் அந்த நேரத்தில் சொல்பவரின் மூளை அடுத்த காட்சிக்குத் தயாராகலாம். குளிர்கால ராத்திரி, கரிமண் அடுப்பு, சுற்றிலும் ஆட்கள். கேட்கிறவர்களின் முகம்தான் கதை எவ்வளவு நீளம் போகலாம் என்று சொல்லும். இதில் எதுவுமே மகனுக்கு எதிரே மெதுவாக டிக்டேஷன் கொடுக்கும் பெண்ணுக்குக் கிடைக்காது.

ஓ கிரிஹன் தப்பித்தது இதனால்தான். அவர் அடிப்படையிலேயே எழுத்தாளர். நாற்பது தாண்டித் தானாக முயன்று ஐரிஷ் எழுதக் கற்றார். 1917இல் தீவுக்கு வந்த பிரையன் ஓ கெல்லி என்பவர் அவருக்குக் கார்க்கியையும் பியர் லோத்தியையும் வாசித்துக் காட்டி, இவர்களைப் போல நீங்களும் உங்கள் வாழ்க்கையை எழுதலாம் என்று தூண்டினார். அதனால் 'தீவுக்காரன்' வறண்ட, கறாரான, சிரிக்காமல் சிரிக்க வைக்கிற உரைநடை. பருந்து என்ற புனைபெயர் கொண்ட அதன் பதிப்பாசிரியரும் கொஞ்சம் நறுக்கினார்தான். முழுமையான பதிப்புக்கு 2002 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனாலும் நறுக்கியதைத் தாங்கிக்கொண்டு அந்த நடை நின்றது. தாளையும் தனிமையையும் நினைத்து அமைத்த நடை அது. பெக்கின் கலை ஆட்களை நினைத்து அமைந்தது. இரண்டையும் ஒரே அலமாரியில் 'பிளாஸ்கெட் இலக்கியம்' என்று வைத்து ஒப்பிடுவது பெக்குக்குச் செய்யும் அநியாயம்.

இன்னொரு விஷயம் என் தூக்கத்தைக் கெடுத்தது. ஆணையத்தின் சேகரிப்பாளர்கள் எடிஃபோன் என்ற கருவியில், மெழுகு உருளைகளில் பதிவு செய்தார்கள். காசு கிடையாது. அதனால் கேட்டு எழுதி முடித்ததும் உருளையின் மேல்பரப்பைச் சீவிவிட்டு, அதிலேயே அடுத்ததைப் பதிவு செய்வார்கள். மூலத் தரவை அழித்துவிட்டு அறிக்கையை மட்டும் வைத்துக்கொள்வது! வேலையில் யாராவது இதைச் செய்தால் நான் கத்தியிருப்பேன். ஆனால் அந்த உருளைகளைச் சீவியிருக்காவிட்டால் அடுத்த கிழவரின் கதையே பதிவாகியிருக்காது. கோபப்படவும் முடியவில்லை. நல்லவேளையாக, ரேடியோ ஏரனும் பிபிசியும் பெக்கின் குரலைப் பதிந்து வைத்தன. அவை 2009இல் புத்தகமும் குறுந்தட்டுமாக வெளிவந்தன.

தீவுக்கு என்ன ஆனது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெக் 1942இல் கரைக்குத் திரும்பினார். 1947 ஜனவரியில் தீவில் ஒரு இளைஞர் மூளைக்காய்ச்சலில் இறந்தார். புயலில் மருத்துவர் வர வழியில்லை. அந்த வசந்தத்தில் மறுபடி புயலில் சிக்கி, உணவு கேட்டுப் பிரதமர் டி வலேராவுக்கே தந்தி கொடுத்தார்கள். 1953 நவம்பரில், மிஞ்சியிருந்த 22 பேரை அரசு வெளியேற்றத் தொடங்கியது. பெக் 1958இல் டிங்கிள் மருத்துவமனையில் காலமானார்.

டப்ளின் நண்பரிடம் அந்த மூன்று ஆண்கள் காட்சியைச் சொல்லி, எதிரே எழுதிக்கொண்டிருந்தது யார் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "அந்த ஒரு பக்கம் மட்டும் எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார். "கிளாஸில் எல்லாரும் சிரிச்சோம். வாத்தியார் அடுத்த பக்கத்துக்குப் போகச் சொல்லிட்டார்."