ஒரே ஒரு சிட்டம்

நியூயார்க் மாநிலத்தில், ஹட்சன் ஆற்றின் கிழக்குக் கரையில் ரைன்பெக் என்று ஒரு சிற்றூர். ஒவ்வோர் அக்டோபரிலும் அங்கே ஆடும் கம்பளியுமாகத் திருவிழா நடக்கும். பின்னல் பைத்தியங்கள் திருவிழாவின் முழுப் பெயரைச் சொல்வதில்லை. 'ரைன்பெக் போகிறோம்' என்றால் அவர்களுக்குள் புரிந்துவிடும். இம்மாதிரிச் சந்தைகளிலும் எட்ஸி போன்ற இணையக் கடைகளிலும் ஒரு தனி ரகக் கைவினைஞர் உண்டு. மேசையின் ஒரு பக்கம் தானே நூற்ற கம்பளிச் சிட்டங்கள். மறுபக்கம் தானே வரைந்த டிராகன்கள், வனதேவதைகள், மரப்பொந்துக் குள்ளர்கள். இவை இரண்டும் ஒரே மேசைக்கு ஏன் வந்தன என்று கேட்கத் தோன்றும். நூலைக் கையில் எடுத்துப் பார்த்தால் கேட்க மாட்டோம்.

கதர் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த நூல் முதலில் பிடிக்காது. நம் ராட்டையில் இழை சீராக வருவதுதான் பெருமை. இங்கேயோ ஓரிடம் விரல் பருமன், அடுத்த இடம் தையல் நூல். சீரான நூலை ஆலை எவ்வளவு வேண்டுமானாலும் தந்துவிடும் என்பதால், ஆலைக்கு எளிதில் வராததைக் கை தேடிப் போயிருக்கிறது. ஆனால் கோணல்மாணலெல்லாம் கலையாகிவிடாது. முறுக்கு எப்போதும் மெல்லிய பகுதிக்கு ஓடும். பருத்த பகுதி முறுக்கில்லாமல் பஞ்சாகவே நின்றுவிடும். கற்றுக்குட்டியின் நூல் அந்த இடத்தில்தான் இழுத்தவுடன் பிரிந்து வரும். தேர்ந்தவர் பருமனைக் கதிருக்கு விடுமுன் நிதானித்து, அதற்கும் கொஞ்சம் முறுக்கை ஊட்டிவிடுவார். சிட்டத்தைத் தொங்கவிட்டுப் பாருங்கள். இருபுரி நூல் தானாகச் சுருட்டிக்கொள்ளாமல் நேராகத் தொங்கினால், இழையின் முறுக்கும் எதிர்ப்பக்கமாகப் புரி சேர்த்த முறுக்கும் ஒன்றையொன்று சமன் செய்துவிட்டன என்று பொருள்.

எனக்குப் பிடித்தது வென்ஸ்லிடேல் ஆட்டின் சுருள்முடியில் நூற்றது. ஒரு சாண் நீளச் சுருள்கள், பட்டுபோல மினுக்கம். நடுவில் ஓர் உள்நூல் ஓட, ஒவ்வொரு சுருளின் அடியை மட்டும் அதில் பிடிக்கவைத்து, நுனியை அப்படியே தொங்கவிடுகிறார்கள். முடிந்த நூல் ஏதோ ஒரு பிராணியின் பிடரியாகவே இருக்கும். பக்கத்தில் மாட்டியிருக்கும் டிராகனுடையது என்றுகூட நம்பலாம்.

நிறத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். சாயமிட்ட கம்பளிகளைச் சீவும் உருளையில் ஒன்றாகப் போட்டு, ஒரு சுற்று அதிகம் விட்டால் போதும். பச்சையும் சிவப்பும் சேர்ந்து சேறாகிவிடும். எப்போது நிறுத்துவது என்று தெரிந்த கை வேண்டும். மினுமினு இழையை அள்ளித் தூவிக் 'கடற்கன்னி' என்று சீட்டு ஒட்டுபவர்களிடம் நான் நிற்பதில்லை. ஓவியத்தில் வேரடிப் பாசிக்கு வைத்த மங்கிய பச்சையே நூலிலும் வந்திருந்தால் நின்றுவிடுவேன்.

இந்த மங்கல் நிறங்களுக்கு மூதாதை, கதைப் புத்தகங்களுக்குப் படம் வரைந்த ஓவியர் ஆர்தர் ராக்கம். முதலில் மையில் கோடு. பிறகு மெல்லிய சாயம் ஒன்றன்மேல் ஒன்றாக. அவர் கையில் மரப்பட்டைக்கு முகம் வந்துவிடும். 'ரிப் வான் விங்கிள்' கதைக்கு அவர் வரைந்த படங்கள் 1905இல் வெளிவந்தன. அக்கதை நடக்கும் கேட்ஸ்கில் மலைகள் ரைன்பெக்கிலிருந்து ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான். மூலப் படங்களை லண்டன் லெஸ்டர் காலரியில் காட்சிக்கு வைத்தார்கள். கையொப்பமிட்ட சிறப்புப் பதிப்பு ஒரு பக்கம், சாதாரணப் பதிப்பு இன்னொரு பக்கம் விற்றது. அசல் ஒருவருக்கு, அச்சு ஊருக்கு. இன்றைய மேசையும் அதே கணக்கில்தான் ஓடுகிறது. டிராகனை எத்தனை முறை வேண்டுமானாலும் அச்சிட்டு அஞ்சலட்டையாக, புத்தகக்குறியாக விற்கலாம். சிட்டத்துக்குப் படி கிடையாது. அதே கம்பளி, அதே சாயம் என்று உட்கார்ந்தாலும் அதே நூல் வராது. கழுவி, சாயமிட்டு, சீவி, நூற்று, மறுபடி அலசி உலர்த்திய உழைப்புக்கு நேர்மையாக விலை வைத்தால் ஆலை நூல்காரர் சிரிப்பார். அஞ்சலட்டை விற்ற காசுதான் ராட்டைக்கு அவகாசம் வாங்கித் தருகிறது.

இணையத்தில் விற்றால் கழிவும் உண்டு. எட்ஸி 2022இல் தன் பங்கை 5 சதவீதத்திலிருந்து 6.5 ஆக உயர்த்தியபோது விற்பனையாளர்கள் பலர் ஒரு வாரம் கடையடைத்தார்கள். தபால் செலவுக்கும் சேர்த்தே அந்தச் சதவீதம். அதைவிடப் பெரிய குறை, திரையில் நூலைத் தொட முடியாது. படம் நன்றாக விழும் சிட்டமே முதலில் போகிறது.

வாங்குபவர் கவனிக்க வேண்டியது சீட்டில் இருக்கும் நீளம். பருத்த நூல் எடைக்கு நீளம் தராது. ஒரு சிட்டத்தில் ஸ்வெட்டர் கனவு காணக் கூடாது. முழுக்க அதிலேயே பின்னினால் கனத்தில் தொங்கியும் போகும். கழுத்துப்பட்டைக்கோ தொப்பி விளிம்புக்கோ இரண்டு வரிசை போதும். தறி இருந்தால் இன்னும் நல்லது: சாதாரணப் பாவில் இதை ஊடையாக அங்கங்கே விட்டால் ஒவ்வொரு சுருளும் தனியாகத் தெரியும்.