தொண்டி நண்டுக்கு ஒரு சங்கம்

தொண்டிக் கரையில் ஏறும் நீலக்கால் நண்டு, தேவகோட்டை வழியாகக் காரைக்குடி மெஸ்களின் மசாலாவுக்கு வந்துவிடுகிறது. பிடிப்பவர், விற்பவர், ஆராய்பவர், விதி போடும் அதிகாரி என்று இந்த நண்டைச் சுற்றிப் பலர் இருக்கிறார்கள். இவர்கள் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார ஓர் அமைப்பு தேவையா, தேவை என்றால் எப்படிப்பட்டது என்பதே கேள்வி.

உலகத்தில் முன்மாதிரி ஒன்று உண்டு. கிரேஃபிஷ் பார்வைக்குச் சின்னச் சிங்கி இறால் போல இருக்கும் நன்னீர் உயிரி. நம் நாட்டு ஆறு குளங்களில் அது இயற்கையாக வாழ்வதில்லை, மீன்தொட்டிக்காக வந்தால்தான் உண்டு. ஐரோப்பாவிலோ அது விருந்துப் பண்டம். 1972இல் ஆஸ்திரியாவில் கூடியவர்கள் அதற்கென்றே ஒரு பன்னாட்டுச் சங்கம் தொடங்கினார்கள். வகைப்பாட்டாளரும் பண்ணைக்காரரும் ஆற்றைப் பராமரிப்பவரும் ஒரே உயிரின் பெயரால் கூடியது அதன் பலம்.

ஆனால் கிரேஃபிஷின் கதையே ஓர் எச்சரிக்கையும் தருகிறது. ஒரு பூஞ்சைவகை நோய் ஐரோப்பாவின் சொந்த இனத்தை அழித்தபோது, அந்த இடத்தை நிரப்ப 1960இல் அமெரிக்காவின் சிக்னல் கிரேஃபிஷைச் சுவீடன் இறக்குமதி செய்தது. விவரம் தெரிந்தவர்கள் யோசித்து எடுத்த முடிவுதான். வந்த விருந்தாளியோ தான் சாகாமல் அதே நோயைச் சுமந்து பரப்பியது. 2016இல் ஐரோப்பிய ஒன்றியம் அதைத் தீங்கு செய்யும் அயல் இனப் பட்டியலில் சேர்த்தது. நிபுணர்கள் ஒரே மனதாக இருப்பதே ஒரு முடிவைச் சரியாக்கிவிடாது. எதிர்த்துப் பேச ஆளில்லாத சங்கம் இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான்.

நம் பக்கத்து முன்மாதிரி மண்டபம். சிவகங்கை தனி மாவட்டமாகும் வரை காரைக்குடியும் மண்டபமும் ஒரே ராமநாதபுரம் மாவட்டம்தான். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் 1971இல் கொச்சிக்குப் போகும்வரை மண்டபத்தில்தான் இருந்தது. இந்தியக் கடல் உயிரியல் சங்கம் 1958இல் அங்கே பிறந்தது. மறு வருடமே ஆய்விதழ் தொடங்கியது. 1965 ஜனவரியில் அந்தச் சங்கம் எர்ணாகுளத்தில் நடத்திய ஓட்டுடலிகள் கருத்தரங்கின் கட்டுரைகள் பல பாகங்களாக அச்சாயின. இறாலையும் நண்டையும் ஆராய்பவர்கள் இன்றும் அவற்றைப் புரட்டுகிறார்கள். அறிவைச் சேர்த்து வைத்ததில் அந்தச் சங்கத்துக்கு முழு மதிப்பெண் தருவேன். நிர்வாகத்தில் தரமாட்டேன். அந்தத் தொகுதிகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. தொண்டியில் வலை பிரிப்பவருக்கு அவை எட்டியதில்லை.

அந்த இடைவெளி எங்கே வலிக்கிறது என்று பார்ப்போம். நண்டைக் கவிழ்த்தால் ஆணா பெண்ணா என்று வயிற்று மடிப்பு சொல்லிவிடும்: ஆணுக்குக் குறுகலாக, பருவம் வந்த பெண்ணுக்கு அகலமாக. நீல நிறம் ஆணுக்குத்தான். பெண் மங்கிய பச்சைப் பழுப்பு. சினை நண்டின் மடிப்புக்குக் கீழே முட்டைகள் பஞ்சுபோலத் திரண்டிருக்கும். முதலில் ஆரஞ்சு, பொரிக்கும் நாள் நெருங்க நெருங்கக் கறுப்பு. இதைப் பார்க்கச் சந்தைக்காரருக்கு ஆய்வகம் வேண்டாம். ஆனால் சினை நண்டைக் காக்கும் விதி எது? தமிழ்நாட்டின் 1983ஆம் ஆண்டுக் கடல் மீன்பிடிச் சட்டத்தின் கீழ் வரும் தடைக்காலம், 2017 முதல் 61 நாள், விசைப்படகுகளுக்குத்தான். நண்டில் பெரும்பகுதி சிறு படகுகளிலிருந்து இறங்குகிறது. அவற்றைத் தடை தொடுவதில்லை. ஏழை மீனவருக்கு விலக்கு நியாயம்தான், ஆனால் நண்டைப் பொறுத்தவரை அந்த 61 நாளின் பயன் குறைவு.

கடலுக்கு அக்கரையில், இலங்கையில், ஏற்றுமதியாளர்களே நண்டுக்கென ஒரு குழு அமைத்து, ஆய்வாளர்களையும் வடக்கு மீனவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். வெளிநாட்டு வாங்குபவர் நிலைத்த மீன்பிடிக்குச் சான்று கேட்டார், அதனால் காரியம் அசைந்தது. சந்தை வேறுபக்கம் திரும்பினால் குழுவும் தளரும் என்பது அதன் பலவீனம். ஆனாலும் ஒரே கடற்பகுதியில், ஒரே நண்டைச் சுற்றிக் கூடியதால் அது மண்டபத்து மாதிரியைவிட நடைமுறைக்கு நெருக்கமானது என்பேன்.

ஆகவே என் தீர்ப்பு: இன்னொரு அகில இந்தியச் சங்கம் வேண்டாம். ஆண்டுக்கொரு மாநாடு, பொன்னாடை, குழுப் படம் என்பதற்கு நம்மிடம் பஞ்சமில்லை. வேண்டியது பாக் நீரிணை அளவிலான, நீலக்கால் நண்டுக்கு மட்டுமான அமைப்பு. தொண்டியில் கடல் ஆய்வு வளர்த்த அழகப்பா பல்கலைக்கழகம் அதைக் கூட்டலாம். தலைமை தாங்க வேண்டியதில்லை. நடவடிக்கைகள் தமிழில் இருக்கட்டும். வாக்கில் பாதி மீனவர்களுக்கும் நண்டுக் கூடங்களில் சதை பிரிக்கும் பெண்களுக்கும் போகட்டும். நிபுணர் சொல்வதை மறுக்கும் உரிமை அங்கேதான் உயிரோடிருக்கும்.

முதல் கூட்டத்திலேயே எடுக்க வேண்டிய பொருள் சினை நண்டு. உயிரோடு கடலில் விட்டால் அன்றைய நட்டம் யாருக்கு? வலைக்காரருக்கா, ஏற்றுமதிக்காரருக்கா, அரசுக்கா? இந்தக் கணக்கை அந்த மேசையில் போட மறுத்தால், அமைப்பைத் தொடங்காமலிருப்பதே மேல்.