தபால்காரர் இல்லாத தபால்

செல்லுக்குள் ஆர்.என்.ஏ எப்படி இடம்பார்த்துப் போய்ச் சேருதுன்னு விளக்கும் கட்டுரைகளில் அடிக்கடி ஒரு தபால்காரர் வந்துவிடுகிறார். தூது ஆர்.என்.ஏ கடிதம், அதன் வால்பக்கத்துத் துண்டு ஒன்று பின்கோடு, மோட்டார் புரதம் தபால்காரர். இது பத்திரிகைக்காரர்கள் கட்டிவிட்ட கதையும் இல்லை. பீட்டா ஆக்டின் ஆர்.என்.ஏவில் 54 நியூக்ளியோடைடு நீளமுள்ள துண்டைக் கண்ட ராபர்ட் சிங்கரின் ஆய்வகமே அதை 'ஜிப்கோடு' என்றுதான் சொன்னது.

ஈஸ்ட்டில் உவமை ஜோராகப் பொருந்துகிறது. ஆஷ்1 ஆர்.என்.ஏவை ஷீ2, ஷீ3 பிடித்துக்கொடுக்க, மயோ4 மோட்டார் அதை ஆக்டின் இழைமேல் மொட்டின் நுனிவரை இழுத்துப்போகிறது. 1998-லேயே இதை உயிருள்ள செல்லில் ஓடவிட்டுப் பார்த்துவிட்டார்கள்.

பழ ஈயின் முட்டைக்கு வாங்க. நானோஸ் ஆர்.என்.ஏ பின்முனைக்குப் போகணும். அங்கே உண்டாகும் புரதம்தான் வயிற்றுப் பகுதி உருவாக வழிசெய்கிறது. ஆனால் போய்ச் சேருவது சுமார் 4 சதவீதம்தான்! மீதியெல்லாம் முட்டை முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. சேர்ந்ததையும் பெரும்பாலும் யாரும் சுமந்து வரவில்லை. முட்டைக்குள் சைட்டோபிளாசம் சுழலும்போது கூடவே மிதந்துவந்து, பின்முனையில் சிக்கிக்கொள்கிறது. நூற்றுக்கு நாலு கடிதம் சேர்க்கும் இலாகாவைத் தபால்துறைன்னு யார் சொல்வாங்க?

அப்புறம் எப்படி ஈ உருப்படியாகப் பிறக்கிறது? சிதறிக் கிடக்கும் ஆர்.என்.ஏவை ஸ்மாக் என்ற புரதம் வாயடைத்து வைக்கிறது. பின்முனையில் மட்டும் அந்தத் தடை விலகுகிறது. முன்பக்கத்தில் நானோஸ் புரதம் உண்டானால் தலை கெட்டுவிடும். ஆக, ஈயின் தலையைக் காப்பது கடிதம் சேர்வதல்ல, சேராத கடிதம் திறக்கப்படாமல் இருப்பது.

மோட்டார் நிஜமாகவே சுமக்கும் ஆஸ்கர் ஆர்.என்.ஏவும் நேராகப் போவதில்லை. 2008-ல் வந்த படப்பதிவில் அதன் துகள்கள் நாலாபக்கமும் ஓடுகின்றன. பின்முனை நோக்கிய ஓட்டம் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

'உவமைதானே, இவ்வளவு கறாரா?' என்று கேட்கலாம். சும்மா அலங்காரமாக இருந்தால் விட்டுவிடலாம். ஆனால் பின்கோடு மனசில் பதிந்தபின் 'யார் சுமந்தது?' என்றே கேட்கிறோம். 'வழியில் ஏன் புரதமாகவில்லை?' என்று கேட்கத் தோன்றுவதில்லை. மேலே சொன்ன ஈஸ்ட் கதையிலேயே பாருங்கள், நானும் அந்தப் பாதியைச் சொல்லவில்லை. பஃப்6, கேஎச்டி1 என்று இரண்டு புரதங்கள் வழிநெடுக ஆஷ்1-இன் வாயைப் பொத்திக்கொண்டு வருகின்றன. மொட்டின் நுனியில் அவற்றில் பாஸ்பேட் ஒட்டப்பட்ட பிறகுதான் பிடி தளர்கிறது.