சான்றிதழா, தெரிந்தவரா?

சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ பத்துப் பதினைந்து வருடம் உழைத்துவிட்டு அறந்தாங்கிப் பக்கம் ஊர் திரும்புகிறவருக்கு வயது நாற்பத்தைந்தைத் தொட்டிருக்கும். கடை போட முதல் இல்லை, கம்பெனியில் சேர வயது இல்லை. அக்காள் மகனின் கம்ப்யூட்டரைப் பிரித்துச் சரிசெய்த கை இருந்தால், ஒரு பையும் பைக்குமாக, கூப்பிட்ட வீட்டுக்குப் போய்ப் பழுது பார்க்கத் தொடங்கிவிடலாம். முதல் அழைப்பு சொந்தக்காரரிடமிருந்து வரும். அடுத்தது அவருடைய சம்பந்தி வீட்டிலிருந்து. சான்றிதழ் உண்டா என்று யாரும் கேட்பதில்லை. "நம்ம ஆளுதானா?" என்பதோடு விசாரணை முடிந்துவிடும்.

கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையின் யாழ்ப்பாணத்தில் கம்பியூட்டரை ரிப்பேர் பார்ப்பதில்லை, திருத்துவார்கள். நமக்குக் கணினி, அங்கே பலருக்குக் கணனி. அதைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்படி வந்த மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு, ஏழு படிகளாகத் தொழில் தகைமையை வகுத்து வைத்திருக்கிறது. அந்தத் தகைமையை என்.வி.கியூ. என்று சொன்னால் அங்கே விளக்கம் தேவையில்லை. வகுப்பில் உட்காராமலும் அதைப் பெறலாம். செய்த வேலைகளுக்கான ஆதாரங்களைத் திரட்டிக் கொடுத்து, மதிப்பீட்டாளர் முன்னால் செய்து காட்ட வேண்டும். பையன்களோடு பெஞ்சில் உட்காரக் கூச்சப்படும் வயதில் இது எவ்வளவு பெரிய உபகாரம் என்பது கூச்சப்பட்டவருக்குத்தான் தெரியும்.

நம்மிடமும் இந்த ஏற்பாடு இருக்கிறது. 2015இல் தொடங்கிய மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டத்தில் முன் அனுபவத்தை அங்கீகரிக்கும் பிரிவு உண்டு. தெருவில் அதை யாரும் மதிப்பதில்லை, அவ்வளவுதான். தமிழ்நாட்டு அரசு ஐ.டி.ஐ.யில் சேர ஆண்களுக்கு 40 வயதுதான் எல்லை, பெண்களுக்கு உச்ச வரம்பே கிடையாது. 1991இல் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து, பிள்ளை பெற்ற பெண்களும் புதிதாக சைக்கிள் பழகிய மாவட்டம் எங்கள் புதுக்கோட்டை. அந்தப் பெண்களின் மகள்களுக்கு இன்று நாற்பது வயது இருக்கும். ஸ்க்ரூடிரைவர் பிடிக்கும் பெண்ணை மட்டும் இங்கே காண்பது ஏனோ அரிது.

வேலை என்னவோ இரண்டு கரையிலும் ஒன்றுதான். ஆலங்குடிப் பக்கத்து வீட்டில் கேபினட்டைத் திறந்தால், ஃபேன் இறக்கைகளில் செம்மண் புழுதி படிந்திருக்கும். மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, மதர்போர்டிலிருந்து பெரிய கனெக்டரைக் கழற்றி, பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஒரு ஜெம் கிளிப்பால் இணைக்க வேண்டும். அதன் ஃபேன் சுற்றினால் பாதி நிம்மதி. அடுத்து ரேமைக் கழற்றி, தங்க நிற ஓரத்தைப் பள்ளிக்கூட அழிரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினால், பல நேரம் அத்தோடு திரை வந்துவிடும். வந்ததும்தான் சங்கடம். "ரப்பர் வச்சுத் தேய்ச்சதுக்கா அண்ணே இவ்வளவு?" சொந்தக்காரர் என்றால் அதையும் கேட்க மாட்டார், காபி கொடுத்து அனுப்பிவிடுவார். பைக்குக்கு யார் பெட்ரோல் போடுவது? தெரிந்தவர் வழியாகத் தொழிலுக்கு வந்தவருக்கு, அந்தத் தெரிந்தவரே முதல் நஷ்டம்.

இலங்கையில் கை வேலையின் மதிப்பை 2022இன் பொருளாதார நெருக்கடி உயர்த்திவிட்டது. மார்ச் தொடக்கத்தில் டாலருக்கு 200 ரூபாய் அளவில் இருந்தது மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. இறக்குமதிக்கும் கட்டுப்பாடு. கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் புதிய பாகம் வாங்குவதைவிட, பழையதைத் திருத்துவதே கட்டுப்படியாகும் என்ற நிலை. போதாததற்கு ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு. இங்கே, திருச்சிக்கு பஸ் ஏறினால் பாகம் கிடைத்துவிடும் என்பதால், மாற்றத்தான் பழகுகிறோம், திருத்தப் பழகுவதில்லை. சுகம் கொடுத்த சோம்பல்.

சான்றிதழ் இருந்தால் எல்லாம் நடக்கும் என்று சொல்லவில்லை. காகிதம் ரேமைத் துடைக்காது. ஆனால் பத்தாவது வேலை வீட்டிலிருந்து வராது, பள்ளிக்கூடத்திலிருந்தோ கூட்டுறவுச் சங்கத்திலிருந்தோ ஏ.எம்.சி. என்னும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தமாக வரும். அங்கே "நம்ம ஆளு" செல்லாது, பில் கேட்பார்கள். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை என்று நம்மவருக்கும் தெரியாது, கேட்கிற கிளார்க்குக்கும் தெரியாது. காசு கட்டாமல் முடியும், சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவைக்கூடப் பலர் செய்து வைப்பதில்லை. முதல் வேலைக்கு நம் வழி சுலபம், பத்தாவது வேலைக்கு இலங்கையின் வழி மேல் என்பது என் தீர்ப்பு.

இந்த வயதில் தொடங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். போய்ப் பார்ப்பதற்கு எவ்வளவு என்பதை போனிலேயே சொல்லிவிடுங்கள், மாமன் வீடானாலும் சரி. பையில் வேலை செய்யும் எஸ்.எம்.பி.எஸ். ஒன்றும் சி.ஆர். 2032 பேட்டரி இரண்டும் எப்போதும் இருக்கட்டும். மணமேல்குடியில் நின்றுகொண்டு பாகம் இல்லை என்றால், திருச்சிக்குப் போய்த் திரும்புவதற்குள் அன்றைய பொழுது போய்விடும்.