மறுகா பேசுவம்

மட்டக்களப்புப் படுவான்கரைக் கோயிலொன்றில் திருவிழாவுக்கு முந்திய கூட்டம் நடந்தால், பேசுகிறவரை விட்டுவிட்டு, கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரைக் கவனியுங்கள். எந்தக் குடிக்கு எந்த நாள் திருவிழா, செலவு எவ்வளவு என்பதுதான் பேச்சு. ஒருவர் பூச்செலவில் தொடங்குவார். சற்று நேரத்தில் அது அவருடைய வயலுக்கும், பக்கத்து வயல்காரர் மறித்த வாய்க்காலுக்கும் போய்விடும்.

வண்ணக்கர் குறுக்கே விழமாட்டார். வாய்க்கால் கதையையும் கொஞ்சம் கேட்பார். ஆள் மூச்செடுக்கும் இடம் பார்த்து, "ஓம் மச்சான், அது பெரிய வழக்குத்தான். மறுகா பேசுவம். இப்ப பூவுக்கு என்ன செய்யிற?" என்பார். மறுகா என்றால் பிறகு.

எதிரே இருந்து பேசுகிறவர் வேறு குடி. தாய்வழியாகக் குடி எண்ணும் மட்டக்களப்பில் அவர் பெண் கொடுத்து எடுக்கும் முறைக்காரர். குடிகளின் கோயில் உரிமைகளை, 1962இல் எஃப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியமும் பேசுகிறது. அப்படி உரிமையோடு வந்து உட்கார்ந்தவரிடம் வாயை மூடு என்று சொல்ல முடியுமா? அவர் எழுந்து போனால் கூடவே ஒரு குடியும் எழுந்து போகும்.

எனக்கு மிகவும் பிடித்தது கூட்டம் கலைந்தபின் நடப்பது. நல்ல வண்ணக்கர் வாய்க்கால்காரரைத் தானே தேடிப் போய், மண்டபத்துத் திண்ணையில் இருத்தி, வெற்றிலைத் தட்டை நகர்த்தி, முழுக்கதையும் கேட்பார். இந்தப் பொறுமை இல்லாதவர்கள் மைக்கைப் பிடுங்கிக் கூட்டத்தைச் சீக்கிரம் முடிக்கிறார்கள். வாய்க்கால் வழக்கு அடுத்த கூட்டத்துக்கும் வந்துவிடுகிறது.