பழைய விமானமும் பரிசோதனைக் கையெழுத்தும்

மன்னார்குடிப் பக்கத்தில் பம்புசெட் வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். வெளியே வர்ணம் அப்படியே இருக்கும் இரும்புக் குழாய், ஒருநாள் கழற்றும்போது கையோடு பொடிந்து வந்துவிடும். இத்தனைக்கும் முந்தின நாள் வரை அது தண்ணீர் இறைத்துக்கொண்டுதான் இருந்திருக்கும். துரு உள்ளேயிருந்து தின்றுகொண்டு வந்தது. கண் வெளியே மட்டும் பார்த்தது.

குழாய் போனால் ஒருநாள் பாய்ச்சல் போகும். இதே குழாய் ஒரு விமானத்தின் இறக்கையைத் தாங்கிக்கொண்டிருந்தால்?

இது கற்பனைக் கேள்வி அல்ல. பைப்பர் கப் போன்ற பழைய சிறு விமானங்களில் இறக்கையின் அடியிலிருந்து உடற்பகுதிக்குச் சாய்வாக இறங்கும் எஃகுக் குழாய்கள் உண்டு. ஸ்ட்ரட் என்று பெயர். இவற்றின் உள்ளே ஈரம் இறங்கித் துரு பிடிப்பது தெரிந்தபின், அமெரிக்க விமானத்துறை நிர்வாகம் 1993-ல் கட்டாய உத்தரவு பிறப்பித்தது. 1999-லும் 2015-லும் அதைப் புதுப்பித்தது. 24 மாதங்களுக்கு ஒருமுறை குழாயைச் சோதிக்க வேண்டும். வில்விசை கொண்ட ஒரு கருவியால் குழாயின் கீழ்ப்பகுதியை அழுத்துவார்கள். பள்ளம் விழுந்தால் உட்சுவர் மெலிந்துவிட்டது என்று பொருள். குழாயை மாற்றியாக வேண்டும். கேளா ஒலி அலைகளைச் செலுத்திச் சுவரின் தடிமனை அளக்கும் முறையும் உண்டு.

பழைய விமானங்களைப் போற்றுகிறவர்கள் இத்தகைய சோதனைகளைக் குறைகூறுவது வழக்கம். "ஐம்பது ஆண்டுகள் விபத்தில்லாமல் பறந்த விமானம். இனி என்ன ஆகிவிடும்?" என்பது அவர்கள் வாதம். கேட்க நியாயமாகத் தோன்றும் இந்த வாதம் விஞ்ஞானப்படி தலைகீழானது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருங்கள். இருபது தடவை உடையவில்லை என்பதால் இருபத்தொன்றாம் தடவையும் உடையாது என்பீர்களா? ஒவ்வொரு வளைவும் அடுத்த வளைவுக்குரிய வலிமையைக் குறைக்கிறது. இதனை உலோகச் சோர்வு என்கிறோம். பறந்த ஆண்டுகளை வலிமைக்குச் சான்றாகக் காட்டுவது, செலவழித்த பணத்தைக் கையிருப்பில் சேர்த்து எண்ணுவது போன்றது.

அப்படியானால் விதிப்படி சோதித்து, பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டால் போதுமா? அதுவும் போதாது.

டைகர் மாத் என்ற இரட்டை இறக்கை விமானத்தை நம்மவர்கள் அறிவார்கள். 1931-ல் முதன்முதலாகப் பறந்தது. நம் விமானப்படையில் பல தலைமுறை விமானிகள் இதில்தான் பயிற்சி பெற்றனர். இந்த விமானத்தில் கீழ் இறக்கைகளை உடற்பகுதியோடு பிணைத்து நிற்பவை குறுக்கே செல்லும் எஃகுக் கம்பிகள். அவற்றின் ஆயுள் 2,000 பறப்பு மணி அல்லது 18 ஆண்டு, எது முந்தியதோ அது என்று வரையறை உண்டு. 2013 டிசம்பர் 16 அன்று ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து கடலோரத்தில் ஒரு டைகர் மாத் வானிலேயே இறக்கை முறிந்து விழுந்தது. விமானியும் பயணி ஒருவரும் மாண்டனர். ஆராய்ந்ததில், இரண்டு கம்பிகளும் மரை வெட்டிய பகுதியில் சோர்வுக் கீறல் கண்டு முறிந்திருந்தன. வரையறுத்த ஆயுள் முடியுமுன்பே இது நேர்ந்தது. அவை விமானத்தைச் செய்த நிறுவனத்தின் கம்பிகள் அல்ல. ஆஸ்திரேலியாவில் அனுமதி பெற்றுச் செய்யப்பட்ட மாற்று உறுப்புகள்.

இங்கேதான் நமது விமரிசனம் கூர்மையாக வேண்டும். பழைய விமானத்தைச் செய்த ஆலை மூடிவிட்டது. உறுப்புகளை வேறொருவர் செய்கிறார். ஆயுள் கணக்கோ பழைய உறுப்புக்குப் போட்டது. புதிய உறுப்புக்கும் அதே கணக்கு பொருந்தும் என்று யார் சோதித்துச் சொன்னார்கள்? பதிவேட்டில் "வரம்புக்குள் உள்ளது" என்று எழுதுவது எளிது. எதனுடைய வரம்பு என்று கேட்பதே பரிசோதனை.

நம் நாட்டுக்கும் இது அயல் விஷயமன்று. இந்துஸ்தான் விமான நிறுவனம் உருவாக்கிய புஷ்பக் 1958-ல் பறந்தது. சுமார் 150 விமானங்கள் செய்யப்பட்டு நாடெங்கும் பிளையிங் கிளப்புகளுக்குச் சென்றன. அதற்கும் துணி போர்த்திய மேல் இறக்கை, சாய்ந்த ஸ்ட்ரட். பைப்பருக்கான உத்தரவு புஷ்பக்கைக் கட்டுப்படுத்தாது என்பது உண்மை. ஆனால் ஈரக்காற்றுக்கு அந்த வேறுபாடு தெரியாது. கடலோரக் கொட்டகையில் நிற்கும் எந்தப் பழைய விமானத்துக்கும் உத்தரவு வரும்வரை காத்திராமல் உள்ளே பார்ப்பதுதான் அறிவுடைமை.

உரிமையாளர்களின் மனக்குறையிலும் நியாயம் உண்டு. செலவு அதிகம்; உறுப்பு கிடைப்பதில்லை; அசல் உறுப்பை மாற்றினால் பழமை போய்விடுமே என்ற ஏக்கம் வேறு. நல்ல விதி இவற்றுக்கும் வழி காட்ட வேண்டும். பைப்பர் உத்தரவு அப்படிப்பட்டது: ஈரம் புகாதபடி மூடி முத்திரையிட்ட புதிய குழாய்களைப் பொருத்திவிட்டால், துருவுக்கான அந்தத் தொடர் சோதனை தேவையில்லை. ஒருமுறை செலவு, பிறகு நிம்மதி.

பழமை பற்றிய ஏக்கத்துக்கு நம் ஊர்ப்பக்கமே விடை இருக்கிறது. திருவாரூர் ஆழித்தேரைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு இரும்பு அச்சும் இரும்புச் சக்கரமும் வந்தன. திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் அமைத்துத் தந்தது. அதனால் அது ஆழித்தேர் அல்ல என்று யாராவது சொன்னதுண்டா? வடம் பிடிப்பவர்கள் அச்சமின்றி இழுக்கிறார்கள். தேர் நிலைக்கு வந்து சேருகிறது.

பழைய விமானம் பறக்கட்டும். அதைக் காண நாமும் ஆசைப்படுகிறோம். ஆனால் கையெழுத்திடுபவர் குழாயின் உள்ளே பார்த்துவிட்டுக் கையெழுத்திட வேண்டும். அடுத்த முறை உங்கள் பம்புசெட் குழாயைக் கழற்றும்போது, உள்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம் என்பது விளங்கும்.