கட்டற்றதும் திறந்ததும்: மென்பொருள் பற்றிய இரு பனுவல்கள்

ஓர் இயக்கம் தன் பெயரை மாற்றிக்கொள்ளும்போது அதன் நோக்கமும் பெரும்பாலும் உடன் மாறிவிடுகின்றது. கணினி மென்பொருளின் வரலாற்றில் 1998ஆம் ஆண்டு நிகழ்ந்த பெயர் மாற்றம் இதற்குத் தக்க சான்றாகும். அதுவரை 'கட்டற்ற மென்பொருள்' எனப் பேசப்பட்ட ஒன்று அவ்வாண்டில் 'திறந்த மூலம்' என்னும் புதுப்பெயரைப் பூண்டது. இரண்டும் ஒரு பொருளையே சுட்டுவன என்பது பொதுவாக நிலவும் எண்ணம். உரிமங்களின் பட்டியலை மட்டும் நோக்குவோர்க்கு அவ்வெண்ணம் சரியாகவே தோன்றும். ஒரு பெயரின்கீழ் ஏற்கப்படும் உரிமங்களுட் பெரும்பாலானவை மற்றதன்கீழும் ஏற்கப்படுகின்றன. ஆயின் இப்பெயர்களுக்குப் பின்னே இரு பனுவல்கள் உள்ளன. ஒன்று, றிச்சட் ஸ்ரோல்மன் 1985இல் வெளியிட்ட 'குனூ விஞ்ஞாபனம்'. மற்றது, எறிக் றேமண்ட் 1997இல் வாசித்து 1999இல் நூலாக்கிய 'பேராலயமும் சந்தையும்'. இவற்றை அவை எழுந்த சூழலில் வைத்து ஒப்புநோக்கின், முன்னது எழுப்பிய உரிமை பற்றிய வினாவைப் பின்னது திறமை பற்றிய வினாவாக மாற்றியமை புலனாகும். அம்மாற்றத்தின் விளைவுகளையே இன்றைய தொழில்நுட்பத் துறை அனுபவித்து வருகின்றது.

கணினியின் தொடக்க காலத்தில் மென்பொருள் தனிப் பண்டமாகக் கருதப்படவில்லை. பொறியை விற்றவர்களே அதனை இயக்கும் செய்நிரலையும் உடன் வழங்கினர். பயன்படுத்துவோர் அதனைத் திருத்தியும் தம்முட் பகிர்ந்தும் வந்தனர். 1969இல் ஐ.பி.எம். நிறுவனம் பொறிக்கும் மென்பொருளுக்கும் தனித்தனி விலை வைப்பதாக அறிவித்தது. 1976இல் பில் கேற்ஸ், பொழுதுபோக்காகக் கணினியில் ஈடுபட்டோருக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்தில், விலை கொடாது செய்நிரலைப் படியெடுத்தலைத் திருட்டென்று சாடினார். 1980இல் ஐக்கிய அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் கணினிச் செய்நிரலை வெளிப்படையாகவே தன் எல்லைக்குட் கொண்டுவந்தது. இவ்வாறு, பத்தாண்டுகளுக்குச் சற்றே கூடிய காலத்தில், பொதுவிற் புழங்கிய ஒன்று விலையும் வேலியும் உடைய தனியுடைமையாயிற்று.

மசாசுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்திற் பணியாற்றிய ஸ்ரோல்மன், இம்மாற்றத்தைத் தம் பணிக்களத்திலேயே கண்டவர். ஆய்வுகூடத்திற்கு வந்த லேசர் அச்சுப்பொறியின் மூலநிரல் கிடையாமையால், தாள் சிக்கும்போது அறிவித்தல் தரும் சிறு வசதியைத்தானும் அதிற் சேர்க்க முடியாது போனமையை அவர் பலமுறை எடுத்துரைத்துள்ளார். 1983 செப்ரெம்பரில் அவர் குனூத் திட்டத்தை அறிவித்தார். ஈராண்டுகளில் விஞ்ஞாபனம் வெளிவந்தது. அதன் வடிவம் கருதத்தக்கது. தம் நோக்கத்தைச் சுருக்கமாகக் கூறியபின், அதற்கு எழக்கூடிய ஆட்சேபங்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுத்துச் செல்கின்றார் ஆசிரியர். தமிழ் உரையாசிரியர்களின் தடைவிடை முறையில் பயின்றோர்க்கு இவ்வமைப்பு அந்நியமாகத் தோன்றாது. வாதத்தின் அடித்தளம் அறம் சார்ந்தது: ஒருவர் தாம் விரும்பும் செய்நிரலைப் பிறரோடு பகிர்தல் வேண்டும்; பகிர்வதைத் தடுக்கும் உடன்பாடு மனிதரை ஒருவரிலிருந்து ஒருவரைப் பிரிப்பது. இங்கு மையப் பாத்திரம் செய்நிரலாளர் மட்டுமல்லர். அவருடைய அயலாரும் ஆவர்.

இவ்வறக் கோரிக்கை வெறும் அறிவுரையாக முடிந்துவிடாமைக்குக் காரணம், 1989இல் வெளியிடப்பட்ட குனூப் பொது உரிமமாகும். பதிப்புரிமைச் சட்டத்தை ஒழிக்க இயலாதவிடத்து, அச்சட்டத்தின் வலிமையையே எதிர்த்திசையிற் பயன்படுத்தியது அது. செய்நிரலைப் பெற்றவர் அதனைப் படிக்கலாம், திருத்தலாம், விநியோகிக்கலாம். ஆயின் திருத்தியதை விநியோகிக்கும்போது பெறுவோர்க்கும் அதே உரிமைகளை வழங்கியாக வேண்டும். கொடையைப் பெற்றவர்மீது கடமையொன்றைச் சட்டத்தாற் சுமத்தியமையே இவ்வுரிமத்தின் சிறப்பாகும்.

எனினும் விஞ்ஞாபனம் குறைகள் அற்றதன்று. செய்நிரலாளர் எவ்வாறு உண்டு உயிர்வாழ்வர் என்னும் தடையை அது தானே எழுப்புகின்றது. ஆயின் அதற்குத் தரும் விடை உறுதியானதன்று. கற்பித்தலாலும் பராமரிப்புச் சேவையாலும் வருவாய் கிடைக்கும் என்கின்றது. மென்பொருள் வரி அறவிட்டு ஆக்கத்திற்கு உதவலாம் என்கின்றது. இன்றைய அளவுக்கு ஊதியம் கிடையாது என்பதையும் ஒப்புக்கொள்கின்றது. உழைப்புக்கும் ஊதியத்துக்கும் உள்ள உறவு எதிர்காலத்துக்கென ஒத்திவைக்கப்பட்டது. மேலும், மூலநிரலை வாசிக்க அறியாத பெரும்பான்மையோர்க்கு அதனைத் திருத்தும் உரிமை எத்துணைப் பொருளுடையது என்பதும் போதிய அளவில் ஆராயப்படவில்லை. ஆயினும் வினாவை எழுப்பியமை விஞ்ஞாபனத்தின் நேர்மையைக் காட்டுகின்றது.

1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் ரோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை வெளியிட்டார். அடுத்த ஆண்டில் அது குனூப் பொது உரிமத்தின்கீழ் வந்தது. இணையத்தின் வழியே எண்ணற்றோர் அதனைத் திருத்தி வளர்த்தனர். இப்புதிய ஆக்கமுறையை விளக்க முற்பட்டதே 'பேராலயமும் சந்தையும்'. பேராலயம் என்பது மைக்ரோசொஃப்ற் போன்ற வணிக நிறுவனங்களைக் குறிப்பதாகப் பலர் கொள்வர். உண்மையில், றேமண்ட் பேராலயத்துக்கு உதாரணமாகக் காட்டியவற்றுட் குனூத் திட்டத்தின் ஆக்கங்களே முன்னிற்கின்றன. சிலர் ஒதுங்கியிருந்து நெடுநாட் செதுக்கி வெளியிடும் முறை பேராலயம். அடிக்கடி வெளியிட்டு, பலரையும் சேர்த்து, ஆரவாரத்திடையே ஆக்கும் முறை சந்தை. ஆகவே இப்பனுவலின் முதல் விமரிசனம் தனியுடைமையை நோக்கியதன்று. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் உள்ளேயே அது குறிவைக்கின்றது.

இப்பனுவலின் வடிவமும் அதன் கருத்துநிலையைக் காட்டுவது. தடைவிடைக்குப் பதிலாக இங்கு எண்ணிடப்பட்ட பத்தொன்பது பாடங்கள் உள்ளன. ஆசிரியர் தாம் நடத்திய மின்னஞ்சற் செய்நிரற் பணியொன்றைச் சோதனைக் களமாகக் கொண்டு, ஒத்துழைப்பைப் பெறுவது எப்படி, வழுக்களை விரைவிற் களைவது எப்படி என விளக்குகின்றார். நடை தெளிவானது, அவதானங்கள் கூர்மையானவை. தொலைவிலுள்ள அறிமுகமற்றோர் ஒன்றுகூடிச் சிக்கலான பொருளொன்றை ஆக்கவியலும் என்பதை எடுத்துக்காட்டியமை அதன் நிலையான பங்களிப்பாகும். ஆயின், பலர் பார்வையிடும் நிரலில் வழு மறைந்திருக்க இயலாது என்னும் அதன் மையக் கருத்து, அப்பலர் உண்மையிற் பார்க்கின்றனரா, பார்ப்பதற்கான ஓய்வு அவர்களுக்கு எங்கிருந்து வருகின்றது ஆகிய வினாக்களைக் கேட்பதில்லை. சந்தை என்னும் உருவகம் அழகானதுதான். ஆனால் விலையும் கூலியும் இல்லாத சந்தை அது.

1998இல் எழுதிய மற்றொரு கட்டுரையில் றேமண்ட் இதற்கு விடையளிக்க முயன்றார். செய்நிரலாளர் சமூகம் கொடைப் பண்பாட்டைச் சார்ந்தது. அங்கு புகழே ஊதியம் என்பது அவர் கொள்கை. கொடைச் சமூகங்களைப் பற்றித் தமிழ் மாணவர்க்குப் புதிதாகக் கூற வேண்டியதில்லை. சங்ககாலப் புலவன் புகழை ஈந்தான். புரவலன் பரிசிலை ஈந்தான். கைம்மாறு அவ்வுறவின் உள்ளே அமைந்திருந்தது; பரிசில் நீட்டித்த மன்னனைப் புலவன் இடித்துரைக்கவும் செய்தான். றேமண்டின் கொடைப் பண்பாட்டில் ஈபவன் செய்நிரலாளன், புகழைப் பெறுபவனும் அவனே. பரிசில் தரவேண்டிய புரவலன் மட்டும் காட்சியில் இல்லை. நிரலை எடுத்துச் சென்று இலாபம் ஈட்டும் நிறுவனத்துக்கு அக்கொள்கையில் எக்கடமையும் வகுக்கப்படவில்லை.

இந்நிலையிலேதான் பெயர் மாற்றம் நிகழ்ந்தது. 1998 ஜனவரியில் நெற்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவியின் மூலநிரலை வெளியிடப் போவதாக அறிவித்தது. பெப்ரவரியிற் கலிபோர்னியாவிற் கூடிய சிலர் 'திறந்த மூலம்' என்னும் தொடரை ஏற்றுக்கொண்டனர். ஆங்கிலத்தில் ஒரே சொல் சுதந்திரத்தையும் இலவசத்தையும் குறிப்பதால் மயக்கம் நேர்கின்றது என்பது கூறப்பட்ட காரணம். கூறப்பட்ட மற்றொரு காரணம், அறம் பேசும் இயக்கத்தின் பெயர் வணிகர்களை வெருட்டுகின்றது என்பது. முதற் காரணம் தமிழுக்குப் பொருந்தாது. 'கட்டற்ற' என்பதும் 'இலவச' என்பதும் தமிழில் ஒருபோதும் மயங்குவன அல்ல. அங்ஙனமிருந்தும் தமிழிற் கணினி பற்றி எழுதுவோர் 'திறந்த மூலம்' என்பதையே கையாளும்போது, ஆங்கிலத்தின் இடர்ப்பாட்டினை மட்டுமன்றி வணிகரின் அச்சத்தையும் சேர்த்தே இரவல் பெறுகின்றனர்.

புதுப்பெயரால் தொழில்துறையின் மனம் மாறியமை மறுக்கவியலாதது. 2001இல் மைக்ரோசொஃப்ற் நிறுவனத்தின் தலைமை நிர்வாகி லினக்ஸைப் புற்றுநோய்க்கு ஒப்பிட்டார். 2018இல் அதே நிறுவனம் திறந்த மூலத்தின் களஞ்சியமாக விளங்கிய கிற்ஹப் நிறுவனத்தை 7.5 பில்லியன் டொலருக்கு வாங்கியது. 2019இல் ஐ.பி.எம்., றெட் ஹற் நிறுவனத்தை 34 பில்லியன் டொலருக்குத் தனதாக்கியது. 2022 முதல் கிற்ஹப், பொதுவில் வைக்கப்பட்டிருந்த நிரல்களைக் கொண்டு பயிற்றப்பட்ட நிரலெழுதும் துணைக் கருவியை மாதக் கட்டணத்துக்கு விற்கலாயிற்று. வெற்றியென்று இவற்றைக் கொண்டாடுவோர் உளர். ஆனால் வெற்றி யாருடையது என்பதே வினா.

அவ்வினாவுக்கு விடையைச் சில விபத்துக்கள் தந்தன. உலகின் வலையகச் சேவையகங்களுட் பெரும்பகுதி இரகசியக் காப்புக்கு நம்பியிருந்த ஓப்பின் எஸ்.எஸ்.எல். என்னும் மென்பொருளில் 'ஹார்ட்பிளீட்' எனும் வழு 2014 ஏப்பிரலில் வெளிப்பட்டது. 2012 மார்ச்சில் வெளியான பதிப்பிலிருந்தே அவ்வழு திறந்த மூலநிரலில் எல்லோரும் காணக் கிடந்தது. அக்காலத்தில் அத்திட்டத்துக்கு ஆண்டுதோறும் கிடைத்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டொலர். முழுநேரமாக உழைத்தவர் ஒருவரே. 2021 டிசெம்பரில் லொக்ஃபோர்ஜே எனும் நிரற்றொகுதியிற் பெருவழு வெளிவந்தபோதும், அதனைப் பேணியோர் ஊதியமற்ற தொண்டர்களாகவே இருந்தனர். 2024 மார்ச்சில் அம்பலமான எக்ஸ்.இசட். விவகாரம் இன்னும் பாரதூரமானது. தனியொருவராய்ப் பராமரித்துச் சோர்ந்திருந்தவரிடம், உதவுபவர் போல் ஈராண்டுகளுக்கு மேலாகப் பழகிய புனைபெயர்க்காரர் ஒருவர், பொறுப்பைப் பெற்றுக் கள்ளவழியொன்றை நுழைத்துவிட்டார். அரைச் செக்கன் தாமதமொன்றை ஐயுற்ற பொறியியலாளர் ஒருவரால் அது பிடிபட்டது. மூலம் திறந்திருந்தமையாலேயே அதனைக் கண்டறிய முடிந்தது என றேமண்டின் சார்பில் வாதிடலாம்; அவ்வாதத்தில் உண்மையும் உண்டு. ஆயின் கதவு திறந்திருந்தால் மட்டும் வீட்டுக்குக் காவல் கிடைத்துவிடாது. காவலிருப்பவரின் உழைப்பை எவர் தாங்குவது என்னும் வினாவைத் திறந்த மூலக் கொள்கை தீண்டவேயில்லை.

முகிற்கணிமை இம்முரண்பாட்டை மேலும் கூர்மையாக்கியது. பழைய உரிமங்கள் விநியோகத்தையே கடமைக்குரிய தருணமாகக் கொண்டன. பெருநிறுவனமொன்று மென்பொருளை விநியோகிக்காது, தன் சேவையகத்தில் இயக்கிச் சேவையாக விற்பின், திருத்தியதைப் பகிரவேண்டிய கட்டாயம் எழுவதில்லை. இதனை முன்னுணர்ந்து, வலையமைப்பின் வழியே பயன்படுத்துவோர்க்கும் திருத்திய மூலநிரலைத் தரவேண்டுமென விதிக்கும் அஃபெரோ பொது உரிமத்தைக் கட்டற்ற மென்பொருள் மன்றம் 2007இல் வெளியிட்டது. கூகிள் நிறுவனம் அவ்வுரிமம் பெற்ற மென்பொருளைத் தன் பணிகளிற் பயன்படுத்துவதை வெளிப்படையாகவே தடுத்துள்ளது; கடமை எங்கு உண்மையாகச் சுமத்தப்படுகின்றதோ அங்கு வரவேற்புக் குறைவதை இது காட்டும். மறுபுறம், 2021இல் இலாஸ்ரிக் நிறுவனமும் 2024 மார்ச்சில் றெடிஸ் நிறுவனமும், முகில் நிறுவனங்கள் தம் ஆக்கத்தை விற்பதைத் தடுக்கும்பொருட்டுத் திறந்த மூல உரிமங்களைக் கைவிட்டன. பின்னர் முன்னது 2024இலும் பின்னது 2025இலும் மீண்டபோது, இரண்டும் தேர்ந்தது அஃபெரோ பொது உரிமத்தையே. வணிகருக்கு ஒவ்வாதெனக் கருதப்பட்ட அறவழி உரிமத்தில், வணிகரே இறுதியிற் புகலிடம் தேடினர். விஞ்ஞாபனத்தின் கோரிக்கை வெறும் இலட்சியக் கனவன்று என்பதற்கு இதனினும் வலுவான சான்று வேண்டியதில்லை.

இவ்விடத்து ஈழநாட்டு அனுபவமொன்றும் நினைக்கத்தக்கது. 2004 டிசெம்பர் ஆழிப்பேரலையை அடுத்த நாட்களில், காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் பதிவுசெய்ய இலங்கைத் தொண்டர்கள் 'சஹானா' என்னும் மென்பொருளை ஆக்கினர். நிவாரணம் என்பது அச்சிங்களச் சொல்லின் பொருள். அது பின்னர் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் பயன்பட்டது. சமூகப் பயனுக்காகக் கட்டற்ற மென்பொருள் மன்றம் வழங்கும் விருதினை 2006இற் பெற்றது. தன் சொந்தத் தேவையிலிருந்தே செய்நிரலாளன் நல்ல நிரலைத் தொடங்குகின்றான் என்பது றேமண்டின் முதற் பாடம். சஹானா அயலாரின் துயரிலிருந்து தொடங்கியது. பிற நாடுகளில் உயிர்காக்க உதவிய காரணம் அது திறமையான ஆக்கமுறையிற் பிறந்தமை மட்டுமன்று. எவரிடமும் அனுமதி வேண்டாது எடுத்தாளும் உரிமை அதனோடு சென்றமையும் ஆகும்.

இரு பனுவல்களையும் ஒருங்கே நோக்குமிடத்து, றேமண்ட் ஆக்கமுறையை நன்கு விளக்கினார், ஸ்ரோல்மன் ஆக்கத்தின் நோக்கத்தை நன்கு விளக்கினார் எனலாம். உழைப்பின் ஊதியம் பற்றி இருவரும் நிறைவான விடை தரவில்லை. ஆனால் பெறுபவனுக்குக் கடமை உண்டு என்று கூறும் பனுவலிலிருந்தே அவ்விடையை நோக்கி நகர முடியும். கடமையைப் பேசாது விடுத்த பனுவலில் அதற்கான தொடக்கப் புள்ளியே இல்லை. இலங்கைப் பல்கலைக்கழக மாணவர் உலகப் பொது மென்பொருள்களுக்கு நீண்டகாலமாக நிரல் எழுதி வருகின்றனர். அவர்களது உழைப்பு எவ்வுரிமத்தின்கீழ், எவர்க்கு, எக்கடமையோடு செல்கின்றது என்பது கணினித் துறையினர் மட்டும் தீர்மானிக்கும் நுட்பச் செய்தியாகாது. 'கட்டற்ற' என்னும் சொல்லைத் தமிழ் ஏற்கெனவே பெற்றுள்ளது. அச்சொல்லை அதன் பொருளோடு கையாளுதல் இத்துறையிற் சிந்திப்போரின் முதற் பணியாகும்.